11சிக்கு நாளை யார் போவது?

தலைமை வகிக்கும் பாடசாலை அதிபர் அவர்களே, பெற்றோரே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிஐயா அவர்களே!

பிரதி அதிபராக இந்த மேடையில் எத்தனையோ இரங்கல் உரைகள் ஆற்றிவிட்டேன். சொற்கள் தேய்ந்துவிட்டன. நானும் களைத்துவிட்டேன். ஆகவே இன்று என் தவறொன்றைச் சொல்லப்போகிறேன்.

நம் கணித ஆசிரியை, அமரர் செல்வி உதயகலா தம்பிஐயா அவர்களுக்கு வாசலில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியிருக்கிறோம். “பல 9ஏ பெறுபேறுகளை ஈட்டித்தந்த நல்லாசான்” என்று அதில் இருக்கிறது. பரீட்சைப் பெறுபேறு வந்ததும், ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தவர்களுக்காக அதே இடத்தில் கட்டும் பதாகையின் வாசகம் அது. பழக்க தோஷத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்.

இன்று காலை 11சி மாணவி ஆரபி வந்து நின்றாள். “சேர், ரீச்சர் ஒருநாளும் ஏ வகுப்பு எடுக்கேல்லையே. எங்களைத்தானே படிப்பிச்சவ. எங்கடை வகுப்பைப் போட வெக்கமோ?”



பரீட்சையில் பாடசாலையின் சித்தி வீதம் குறைந்துவிடும் என்று, 11சியில் கணக்கில் பின்தங்கிய பதினான்கு பேரைச் சாதாரண தரப் பரீட்சை எழுதவிடாமல் நிறுத்த முன்னொரு வருடம் பட்டியல் போட்டது யார்? நான்தான். உதயகலா ரீச்சர் அதை என் மேசையில் திருப்பி வைத்தார். “ரியூசனிலையும் கடைசி வாங்கிலைதான் இருத்துவினம், வீட்டிலையும் ஏச்சு. இஞ்சையும் விட்டால் அதுகள் எங்கை சேர் போறது?” என்றார். பதினான்கு பேரும் எழுதினார்கள். ஒன்பது பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். அவர்களுக்கு நாம் பதாகை கட்டினோமா?

உதயகலா ரீச்சர் பிள்ளைகளின் கொப்பியில் பிழை அடையாளம் போடமாட்டார். சரியாக வந்த வரிவரை சரி போட்டு, அதற்குக் கீழே “இங்கிருந்து திரும்பச் செய்” என்று எழுதுவார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய மறுநாளும் 11சி இருக்கும் மேல்மாடிக்கு ஏறிவந்து அதைத்தான் எழுதினார்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். 11சிக்குக் கணக்குப் பாடம் எடுக்க ஐந்து ஆசிரியர்களைக் கேட்டுப் பார்த்தேன். “ஏ வகுப்பெண்டால் எடுக்கலாம் சேர்” என்றார் ஒருவர். அவரில் எனக்குக் கோபமில்லை. அவரை அப்படிப் பழக்கியவன் நானல்லவா!

எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. முழங்கால் மடங்காது. கரும்பலகையில் கணக்கு எழுதி ஒன்பது வருடமாகிறது. இரங்கல் கூட்டத்தில் அவரது பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பதுதான் என் வழக்கம். இந்த முறை அது முடியாது.

தம்பிஐயா அவர்களே, உங்கள் மகளின் பதாகையை இறக்கச் சொல்லிவிட்டேன். புதியதில் “11சியின் ஆசிரியை” என்று இருக்கும்.

ஆரபி, நாளை முதலாம் பாடம் கணக்கு. நான் வருகிறேன். படியில் இரண்டு தரம் நின்றுதான் ஏறுவேன், பொறுத்திருங்கள். நான் எந்த வரியில் பிழைவிட்டேன் என்று தெரிந்துவிட்டது, பிள்ளை. அங்கிருந்து திரும்பச் செய்கிறேன்.