மஞ்சள் கால்தடம்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். நெடுநாள் கழித்துச் சந்தித்த தோழிகள் போல. ஜன்னலோரம் இருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்:

“எங்க தெருப் பிள்ளைங்க எல்லாம் இப்போ என் மவன் காலுலதான் பள்ளிக்கூடத்துக்குப் போவுது.”

மற்றவள் அவள் கையைப் பிடித்தாள். “என்னட்டி சொல்லுத?”

“லாரி இடிச்சு அவன் போன பொறவுதான் ரோட்டுல வேகத்தடை, நடைபாதை எல்லாம் போட்டாவ. பிள்ளைங்க துணையில்லாம நடந்து போவட்டும்னு, எங்க வாசல்ல தொடங்கி பள்ளிக்கூடம் வரைக்கும் மஞ்சப் பெயிண்டுல கால்தடம் வரைஞ்சாவ. பெயிண்டர் அளவுக்கு ஒரு சின்னப் பிள்ளைச் செருப்பு கேட்டாரு. எங்கிட்ட அவனுக்க செருப்புதான் இருந்துது.”

“ரெண்டுமா?”

“லாரி இடிச்ச அண்ணைக்கு ரோட்டுல ஒண்ணுதான் கிடைச்சுது. அதை வச்சு அட்டை வெட்டி, திருப்பிப் போட்டு மத்த காலையும் வரைஞ்சாரு.”

“நல்ல காரியம்தானே மக்கா. பிள்ளைங்க பத்திரமா போவுதுல்லா.”

“போவுது. திரும்பி வாறதுக்குத்தான் தடம் இல்ல. அதனால சாயங்காலம் அதே தடத்துல கால வச்சு, பின்பக்கமாவே நடந்து வருது. விளையாட்டுதான். ஆனா நான் வாசல்ல நிக்கச்சில வெறும் முதுகா வரும். அதுல எது அவனுக்க முதுகுன்னு பார்த்துட்டே நிப்பேன்.”

வில்லுக்குறியில் யாரோ இறங்கினார்கள்.

“உன் வாசல் வந்ததும் திரும்புமில்லா?”

“திரும்பும். அதுக்கு முன்ன நான் உள்ள போயிருவேன்.”