வளையத்தின் மேல் ஒரு கோடு

எழுபத்தொரு வயதுவரை நான் நகப்பூச்சு வாங்கியதில்லை. சாலைக் கடைத்தெருவில் அந்தப் பெண் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டபோது, சீக்கிரம் உலரும் நிறம் என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவளிடமிருந்த வெள்ளை உலரப் பதினைந்து நிமிடம் ஆகும். சிவப்பு ஐந்து நிமிடத்தில் உலர்ந்துவிடும். எனக்குக் கிடைக்கக்கூடியது பன்னிரண்டு நிமிடம்.

சப் இன்ஸ்பெக்டர் ஜிஷா அவர்களே, நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: ரைபிள் கிளப்பின் பதிவேட்டில் டாக்டர் ஸ்ரீனிவாசனின் பெயருக்கு எதிரே நான் எழுதிய அளவுகள் சரியானவையா? சரியானவை. வயதான மாமிக்குக் கண் மங்கி அளவு பிசகியிருக்கலாம் என்று அவருடைய வக்கீல் அனந்த் உங்களிடம் சொன்னாராம். அந்தச் சொல் வராதிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டுகள் வரைவாளராக இருந்தவள் நான். நான் போட்ட ஒரு கோட்டைக்கூட மேலதிகாரி யாரும் அழித்ததில்லை. மலையாளத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள், தமிழில் எழுதுகிறேன். உங்கள் தாயார் எல்லையோரப் பாறசாலைக்காரர் என்றும், நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். எனக்குப் பிழையில்லாமல் எழுத வருவது இந்த மொழிதான்.

எங்கள் கிளப்பில் ரைபிளை மேசைமேல் வைத்துச் சுடுவார்கள். அதன் முன்பாகம் ஒரு தாங்கியிலும் பின்பாகம் ஒரு மணல்பையிலும் அமர்ந்திருக்கும். சுடுபவர் ஒரு விரலால் விசையைத் தொடுவார், அவ்வளவே. ஐம்பது மீட்டருக்கு அப்பால் உள்ள அட்டையில் ஐந்து தோட்டாக்கள் விழும். அவற்றுள் மிகவும் விலகி நிற்கும் இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதுவது என் வேலை. தூரம் குறையக் குறையத் திறமை. சென்ற ஆண்டுவரை டாக்டரின் அளவு ஆறு மில்லிமீட்டரைத் தாண்டியதில்லை.

அவர் கண் அறுவை மருத்துவர். வலியசாலையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பிறந்தவர். "மணல்பை மேல இருக்கற துப்பாக்கி நடுங்காது மாமி. நடுங்கினா அது என் விரல்தான்" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவர் ரைபிளின் குழல் முனையில் ஒரு பித்தளை வளையம் பொருத்தினார். ட்யூனர் என்பார்கள். சுடும் கணத்தில் குழல், மீட்டிய தந்தியைப் போல அதிர்கிறது. குழலின் முனை அசைவின் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கணம் நிற்கும். தோட்டா அந்தக் கணத்தில் வெளியேறினால் ஐந்தும் ஒரே துளைபோல விழும். வளையத்தைத் திருகி முன்னும் பின்னும் நகர்த்தி அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் விற்கும் வளையத்தில் இலக்கங்கள் இருக்கும். டாக்டர் தம்முடையதை லேத் பட்டறை தாசையனிடம் கடைந்து வாங்கினார். அதில் இலக்கம் கிடையாது. மூன்று சனிக்கிழமைகள், இருநூற்றுச் சொச்சம் தோட்டாக்கள் செலவழித்து இடத்தைக் கண்டுபிடித்தார். பிறகு கிளப் விதிப்படி, வளையத்திலிருந்து குழல்வரை நான் அந்த நகப்பூச்சால் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு போட்டேன். வளையம் இம்மியளவு திரும்பினாலும் கோடு முறிந்துவிடும். சொந்தக்காரர் தம் கையால் கோடு போடக்கூடாது. மூன்றாமவர்தான் போட வேண்டும். அந்த விதி எதனால் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலையில் ஆயுத அறையின் பூட்டைத் திறப்பவர் ராஜையன். காவல்துறையில் ஓய்வுபெற்றவர், முறையானவர். ரைபிள்களைச் சட்டத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, எல்லைச் சுவர்வரை சிவப்புக் கொடி நாட்டப் போவார். திரும்பிவரப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் பழைய கோட்டை, நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். வளையத்தை ஓர் அரிசியின் அகலம் திருப்புவேன். புதிய கோடு போடுவேன். ராஜையன் வரும்போது நான் அட்டைகளில் தேதி எழுதிக்கொண்டிருப்பேன்.

முதல் மாதம் ஏழு மில்லிமீட்டர். அடுத்த மாதம் எட்டரை. டாக்டர் தோட்டாவை மாற்றினார், தொலைநோக்கியின் திருகுகளை இறுக்கினார், குழலைக் கழுவினார். மழைக்காலத்தின் ஈரம் என்றார். டிசம்பரிலும் ஒன்பது இருந்தபோது, அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"மாமி, ஒண்ணு கேக்கலாமா? வளையம் நகந்திருக்குமோ?"

"கோடு இருக்கிறதே, பாருங்கள்" என்றேன்.

குனிந்து பார்த்தார். கோடு முறியாமல் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. உங்க கோட்டைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாருங்கோ" என்று கைகூப்பினார்.

அதன்பின் அவர் வளையத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். காப்பிக் கோப்பையை நீட்டிப் பிடித்து, அதில் அலை எழுகிறதா என்று கவனிப்பார். நரம்பு மருத்துவர் ஒன்றுமில்லை என்றாராம். அதை அவர் நம்பவில்லை. மருத்துவமனையில் கடினமான அறுவைகளை இளையவர்களிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மட்டும் வளையத்தை அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். ஐந்தரை வந்தது. அன்று அவர் எல்லோருக்கும் பழவங்காடியிலிருந்து இனிப்பு வாங்கி வந்தார். அடுத்த வாரம் பத்து. நம்பிக்கை அடியோடு போனவர் விளையாட்டை விட்டுவிடுவார். அவர் விடுவதை நான் விரும்பவில்லை.

செல்லபாய் எங்கள் கிளப்பில் தேநீர் போடுபவள். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து பஸ் ஏறி வருவாள். கணவன் இல்லை, ஷிஜு என்ற ஒரு மகன். வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. டாக்டர் இலவசமாக அறுவை செய்து தருவதாக எப்போதோ சொல்லியிருந்தார். ஏப்ரலில் நாள் குறித்தார்கள். முந்தின வெள்ளிக்கிழமை மாலை டாக்டர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நாளைக்கு அளவு எட்டு மில்லிக்குள்ள வந்தா திங்கட்கிழமை நானே பண்ணறேன். இல்லேன்னா வேற ஆள்கிட்டக் குடுத்துடறேன். உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், மாமி. உங்க அளவுதான் எனக்குத் தீர்ப்பு."

சனிக்கிழமை வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பினேன். பதினான்கு வந்தது. அளந்து எழுதி அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேநீர் கொண்டுவந்த செல்லபாயிடம், "இன்னொரு டாக்டர் இருக்கார், என்னைவிடக் கெட்டிக்காரர். அவர் பண்ணட்டும்" என்றார்.

"அய்யோ, அது வேண்டாம் சாறே" என்றாள் அவள். "எனக்க கண்ண வேற ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். சாறு தொட்டா மதி, அது போதும். இல்லேன்னா இந்தக் கண்ணு இப்பிடியே கெடக்கட்டும். சீனியும் உப்பும் நக்கிப் பாத்துக்கிடுவேன்."

ராஜையன் சிரித்தார். டாக்டர் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் எழுதுவீர்கள். சொன்னேனே. "அவள் இவ்வளவு நம்புகிறாள். நீங்களே செய்யுங்கள்" என்றேன்.

திங்கட்கிழமை நடந்ததை அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். கருவி கண்ணுக்குள் இருந்தபோது, விரல் நடுங்கப் போகிறது என்று நினைத்தாராம். விரல் நடுங்கவில்லை. நடுங்குமோ என்று காத்து, கை ஒரு கணம் நின்றுவிட்டது. உள்ளே சவ்வு கிழிந்தது; பிறகு சீழ் பிடித்தது; கண் போயிற்று. ஷிஜு புகார் கொடுத்தான். மாதக்கணக்காகக் கையில் சந்தேகம் இருந்தும் அறுவை செய்தார் என்பதற்குச் சான்றாக என் பதிவேட்டை எடுத்துச் சென்றீர்கள். செய்தித்தாளில் அவர் படத்தையும் போட்டார்கள். அதைக் கத்தரித்துத் தேதியிட்டு வைத்திருக்கிறேன்.

அவர் கைக்கு ஒரு குறையும் இல்லை. இதைத் தெரிந்தே எழுதுகிறேன். இதனால் அவர் தப்பிக்கக்கூடும். பொய் அளவு எழுதியவள் என்ற பெயரை ஏற்பதைவிட அது மேல். வளையத்தைத் திருப்பியவள் நான். அளவு எழுதியவளும் நான். திருப்பியது வேறு, எழுதியது வேறு. எழுதியதில் ஒரு தசமப் புள்ளிகூடத் தவறாது.

செல்லபாய்க்காக வருந்துகிறேன். ஒற்றைக் கண்ணால் தூரம் தெரியாமல் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறாள். கோப்பையை நான் பிடித்துக்கொள்கிறேன். "மாமி ஒராளுதான் எனக்கு இந்த உபகாரம் செய்யது" என்கிறாள். ஆனால் கத்தி என் கையில் இல்லை.

இனிக் காரணம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் பட்டாபியும் அந்தக் கிளப்பில் சுட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றார். பரிசளிப்பு நாளன்று, நாற்பது பேர் அமர்ந்திருந்த கூட்டத்தில் ஸ்ரீனிவாசன் எழுந்து அவருடைய அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "நாலு துளையைச் சுத்தி ஈயக் கறை இருக்கு. அஞ்சாவதைச் சுத்தி இல்லை. இது தோட்டா போட்ட துளை இல்லை, பட்டாபி மாமா" என்றார். தம்முடையதைத் தாமே அளக்கவோ குறியிடவோ கூடாது என்ற மூன்றாமவர் விதி அன்று பிறந்தது. என் கணவர் அதற்குப்பின் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. தெருவில் யாரோ இருமினால் ஜன்னலைச் சாத்துவார். பதினோராம் மாதம் போய்விட்டார். காரியங்களுக்கு வந்திருந்த ஸ்ரீனிவாசன், கிளப்பில் அளவு எழுத நம்பிக்கையான ஆள் இல்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

அவர் பொய் சொன்னார் என்று நான் எங்கும் எழுதவில்லை. மேலே உள்ள பக்கங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் முன்னிலையில் சொன்னார். குற்றம் அதுதான்.

ஐந்தாவது துளை, அலுவலகத்தில் கோப்பு தைக்க நான் வைத்திருந்த குத்தூசியால் போடப்பட்டது. போட்டியன்று மாலை அது சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. முனையில் ஒட்டியிருந்த அட்டைத்தூளை நான்தான் துடைத்து, பெட்டியில் அதற்குரிய குழியில் திரும்ப வைத்தேன். என் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறிக் கிடந்ததில்லை.

இப்படிக்கு,
நாகலக்ஷ்மி பட்டாபி