மேட்டு லயத்துக்குப் போட்டுக் கொடுத்த சீடி

விசேஷ வீட்டு வீடியோவை ஒரு நிமிடம் விடாமல் முழுசாகப் பார்க்கிறவன் பசறையில் நான் ஒருவன்தான், ஐயா. வீட்டுக்காரர்கள் தங்கள் முகம் வருகிற இடத்தை மட்டும் பார்ப்பார்கள். மூன்று மணி நேரத்தையும் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவன் நான். பந்தியில் யார் வடையைக் கைப்பைக்குள் போட்டது, எந்தச் சம்பந்தி யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பியது, எல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சில நேரம் வாயில் வந்துவிடும்.

சீடி ஓடவில்லை என்று வருகிறவர்களை நீங்கள் ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருத்தி முந்தானையால் வட்டம் வட்டமாகத் துடைத்துக் கீறிக் கொண்டுவருவாள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும் என்று எத்தனை தடவைதான் சொல்வது? இன்னொருவர் தலைகீழாகப் போட்டுவிட்டு, படம் தெரியவில்லை என்பார். சிலர் வெண்டிப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்ட சீடியை மூன்று வருடம் கழித்து அவிழ்த்து வந்து, ஓடுமா என்று கேட்பார்கள். அத்தனை பேருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். நான் கோபக்காரன் இல்லை.

இராக்கம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் மேட்டு லயத்துக்காரி. கொழுந்து எடுக்கிற கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய மகள் நிரஞ்சலா பெரியவளான சடங்கு வீடியோவை நான்தான் செய்தேன். பூக் கொட்டுவது போலவும் அன்னம் நீந்துவது போலவும் போட்டுக் கொடுத்தேன். அப்போது அதுதான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் நின்று இராக்கம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

“பூவும் வாத்துந்தான் தெரியுது. எம்மவளத் தேடிப் பாக்க வேண்டியிருக்கு.”

பீலியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அது அன்னம், வாத்து இல்லை. அதற்குப் பிறகு மேட்டு லயத்தில் எந்த விசேஷம் என்றாலும் பதுளைக்குப் போய்விடுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஐப்பசியில் நிரஞ்சலா கடைக்கு வந்தாள். லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மூன்று மாதமாக அவள் அதைப் போனில் எடுத்து வைத்திருந்தாள். முதலில் ஒரு விரல் போகும் அளவு, கடைசித் துண்டில் ஒரு ஆள் கால் இறங்கும் அளவு. மண்சரிவு பார்க்கிற பதுளைக் கந்தோரில் இப்படி வந்த கடிதங்கள் நிறைய இருந்தனவாம். வெடிப்பு வளர்வது தெரிகிற மாதிரி சீடியில் போட்டுக் கடிதத்தோடு கொடுத்தால் உடனே ஆள் வந்து பார்ப்பார்கள், சனத்தை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். போனில் இடம் இல்லை என்றாள். பதினேழு துண்டையும் என் கம்பியூட்டரில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்தோம். திகதி போட்டு வரிசையாக ஒட்டிக் கொடுத்தேன். நல்ல வேலை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை விளக்க வேண்டும். வெட்டி ஒட்டுகிறபோது கம்பியூட்டரில் உண்டாகிற கோப்பு வீடியோ இல்லை. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்கிற குறிப்பு மட்டுந்தான். அதை வீடியோவாக மாற்றித்தான் சீடியில் ஏற்ற வேண்டும். மாற்றாமல் குறிப்பை மட்டும் ஏற்றினால், துண்டுகள் இருக்கிற என் கம்பியூட்டரில் அழகாக ஓடும். வேறு எங்கே போட்டாலும் ஒன்றும் தெரியாது. கல்யாணச் சமையல் சாமான் பட்டியலை இலையில் வைத்துச் சாப்பிடச் சொல்வது போல.

முதல் சீடியில் அப்படி ஆனது என் கைத்தவறு. அன்றைக்குக் கடையில் கூட்டம். நிரஞ்சலா திரும்பி வந்து, கந்தோரில் படம் வரவில்லை என்றபோது, சீடியைப் போட்டுப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பிழை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மாலைக்குள் பீலிக்குப் போய்விடும். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்கு இஷ்டமில்லை. அங்கே உள்ள பிளேயர் பழசாக இருக்கும் தங்கச்சி என்றேன். அவளுக்கு முன்னாலேயே என் கம்பியூட்டரில் போட்டுக் காட்டினேன். ஓடியது. அதே குறிப்பை இன்னொரு சீடியில் ஏற்றிக் கொடுத்தேன்.

அதுவும் ஓடவில்லை. வேகமாக ஏற்றினால் சில நேரம் அப்படித்தான், வெயிலில் வைத்தீர்களா, கையால் தொட்டீர்களா என்று கேட்டேன். கேட்டதெல்லாம் சரியான கேள்விகள்தான். எந்தக் கடைக்காரனும் கேட்பான்.

மழை பிடித்த பிறகு இராக்கம்மாவே வந்தாள். கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு மலை இறங்கி, ஒரு பையில் பேரிக்காயும் கொண்டுவந்திருந்தாள்.

“தம்பி, அன்னைக்கு பீலியில நாந்தான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாம பேசிட்டேன். அத மனசுல வச்சுக்காத. சின்னப் புள்ளைங்க இருக்க லயம்ப்பா. இந்த ஒருக்கா ஒழுங்கா போட்டுக் குடு.”

“எனக்கென்னக்கா மனசுல? ஒக்காருங்க” என்றேன்.

உட்கார ஸ்டூல் போட்டேன். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிப்பதற்குள் மூன்றாவது சீடியும் தயார். உறை மேல் அழகாக எழுதினேன். உங்கள் மேசையில் இருக்கிற மூன்றிலும் இருப்பது என் கையெழுத்துத்தான். மூன்றிலும் இருப்பது குறிப்பு மட்டுந்தான். பேரிக்காய் நல்ல இனிப்பு.

மறுநாள் காலை நிரஞ்சலா முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனாள். கந்தோரில் சீடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் லயத்தின் மேல் மலை சரிந்து இறங்கியது. காலையில் பேர் பதிகிற பெரட்டு முடிந்து ஆட்கள் கொழுந்து மலைக்குப் போயிருந்தார்கள். அதனால் ஏழு பேரோடு போயிற்று. வேலைக்குப் போக முடியாதவர்கள், பிள்ளைகள், கால் வீங்கிய இராக்கம்மா. மண்ணை நான் தள்ளவில்லை, ஐயா. மழைதான் தள்ளியது.

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்து நிரஞ்சலா வந்தாள். வீட்டோடு எல்லாப் படமும் போய்விட்டதாம். சடங்கு வீடியோவில் அம்மா முகம் இருக்குமா அண்ணே என்று கேட்டாள். நான் எதையும் அழிப்பதில்லை. பூவையும் அன்னத்தையும் எடுத்துவிட்டு, இராக்கம்மா வருகிற இடங்களையெல்லாம் பெரிதாக்கி, முழு வீடியோவாக மாற்றி ஏற்றி, மூன்று பிளேயரில் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. தெளிவாக இருக்கிறது என்று அழுதாள்.

வேலை தெரியாதவன் என்று மட்டும் தயவுசெய்து அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.