தொரை சோறுண்ட திடல்

ரொம்பக் காலத்துக்கு முந்திங்க. எவ்வளவு முந்தின்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குச் சொன்னவங்களும் சொல்லலை. ஆத்துக்குப் பாலம் இல்லாத காலம், ரயிலுன்னா என்னன்னு தெரியாத காலம். அப்பவும் இந்த ஆறு இருந்துச்சாம், இந்தக் கரை இருந்துச்சாம், கரைக்குத் தெக்க இதே தாழங்குடி இருந்துச்சாம். கெழக்கால, கடலைப் பாத்தாப்புல, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டுன கோட்டை ஒண்ணு இருந்துச்சாம். எந்த ராசா கொடி அதுல பறந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. நமக்கு அது வேண்டாம். கோட்டைக்குள்ள ஒரு கவர்னரு, கிடங்கு நெறைய துணி மூட்டை, மூட்டையைக் காக்கக் கப்பல்ல வந்த வெள்ளைக்காரச் சிப்பாயிங்க. சிப்பாயிங்களுக்கு மேல ஒரு கப்பித்தான். அவரு கதைதான் இது.

அந்தக் கப்பித்தான் ஜெர்மன் தேசத்துக்காரராம். பேரு டெட்லெப்பு. எங்க, சொல்லுங்க பாப்போம்? வராதுல்ல? நம்ம ஆளுங்களுக்கும் வரலை. அதனால "ஓயாத்தொரை"ன்னு பேரு வச்சுட்டாங்க. ஏன்னா மனுசன் ஓயவே மாட்டாராம். நாக்காலியில உக்காருவாராம், உடனே எந்திரிப்பாராம். சன்னலைத் தெறப்பாராம், சாத்துவாராம், மறுபடியும் தெறப்பாராம். காலையில தொப்பியை மாட்டிக்கிட்டுக் கெளம்புனாருன்னா கோட்டையிலேருந்து தாழங்குடி கரை வரைக்கும் நடை, கரை மேல நடை, திரும்பி நடை. மேகம் கறுத்துச்சுன்னா போச்சு. காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே தட்டுல இருக்குறதை அப்புடியே வச்சுட்டுக் கரைக்கு ஓடி வந்துருவாராம்.

வந்து சும்மா போவாரா? மண்ணைக் குத்திப் பாப்பாரு. எலி வளையைக் கண்டா நண்டு வளையைக் கண்டா கத்துவாரு. வயல்ல வேலை செய்யுறவங்களைக் கூப்புட்டு, "இங்க மண்ணு போடு, அங்க மண்ணு போடு"ம்பாரு. கூடவே துபாஷி ராயப்பன் ஓடியாருவாரு, தொரை பேசுறதைத் தமிழ்ல சொல்ல. பாவம், அந்த ராயப்பன் தேய்ச்ச செருப்புக்குக் கணக்கே கெடையாதாம்.

ஒருநாளு தைலம்மைக்குக் கோவம் வந்துருச்சாம். தைலம்மை யாரு? நம்ம கெழத்தெரு வகையறாவுக்கே மூத்தவ. புருசன் இல்லாம தனியா வெவசாயம் பண்ணுனவ, வாயின்னா வாயி அப்புடி ஒரு வாயி. தொரை கரையைப் பாத்துக்கிட்டே நடந்தவரு அவ நாத்தங்காலுக்குள்ள எறங்கிட்டாராம்.

"யோவ் ராயப்பா, ஒன் தொரைக்குக் கண்ணு எங்க இருக்கு? மெதிச்சது என் நாத்து! அவருக்கு ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா? கால்ல என்ன, எறும்பா ஏறுது?"

ராயப்பன் பாதியைச் சொன்னாராம், பாதியை முழுங்கிட்டாராம். தொரை தொப்பியைக் கழட்டிட்டு மெதிச்ச நாத்தை ஒவ்வொண்ணா நிமுத்தி விட்டாராம். நிமுத்திக்கிட்டே சொன்னாராம், "அம்மா, எங்க ஊரு கடலுக்குக் கீழ இருக்கு."

"கடலுக்குக் கீழ ஊரா? மீனுங்களா இருக்குது அங்க?"

தொரை சிரிக்கலையாம். சொன்னாராம். அவுங்க ஊரு பூமியே கடல்கிட்ட இருந்து புடுங்குன பூமியாம். அவரு முப்பாட்டனுங்க கூடை கூடையா சேத்தை அள்ளிப் போட்டு, கடலுக்கும் ஊருக்கும் நடுவுல ஒசரமாக் கரை எழுப்பி, அந்தக் கரைக்குப் பின்னாடி மாடு மேச்சாங்களாம், கோதுமை வெதச்சாங்களாம். கடலு சும்மா இருக்குமா? தாத்தன் காலத்துல ஒரு புயலு. கரை ஒரு எடத்துல ஒடைஞ்சு, கோயிலு, சந்தை, பாதித் தெரு எல்லாம் போயிருச்சாம். மிச்சம் இருந்த பாதிப் பேரு உள்ளாரத் தள்ளி வேற கரை போட்டு, மறுபடியும் அதே ஊரு பேரையே வச்சுக்கிட்டாங்களாம். அந்த ஊர்ல பொறந்த புள்ளைக்குத் தூக்கத்துலயும் காது கரை மேலதான் இருக்குமாம். "அங்கேருந்து நான் வந்துட்டேன். என் காது வரமாட்டேங்குது"ன்னாராம் தொரை.

தைலம்மை என்ன பண்ணுனா? முணுமுணுத்துக்கிட்டே ஒரு கூடை மண்ணை அள்ளிக் கரையில போட்டாளாம். மறுநாளு கெழத்தெருவே போட்டுச்சு. மேலத்தெரு சும்மா விடுமா? அதுவும் போட்டுச்சு.

சரி, கேளுங்க. அந்த வருசம் ஐப்பசி பொறந்துச்சு, மழை புடிச்சுச்சு. அடிச்சுச்சு மழை, அப்புடி அடிச்சுச்சு! ஆறு செவந்து பொங்குது. கரைக்கு இந்தாண்ட சம்பாப் பயிரு அப்பத்தான் தூர் கட்டுது, அதுக்கு இந்தாண்ட வீடு, வாசல், ஆடு, மாடு. கரைக்கு வாய் வரைக்கும் தண்ணி. கெழக்க என்னாச்சு? தண்ணி கோட்டைக் கிடங்கு வாசப்படியைத் தொட்டுருச்சாம். உள்ளார கப்பல்ல ஏத்த வேண்டிய துணி மூட்டை.

கவர்னரு கூப்புட்டாராம். "கப்பித்தான்! ஆளுகளைக் கூட்டிக்கிட்டுப் போயித் தாழங்குடி கரையை வெட்டி விடு. தண்ணி அந்தப் பக்கம் பாயட்டும், இங்க வடிஞ்சுரும்."

"அங்க சனங்க இருக்காங்க."

"இங்க மூட்டை இருக்கு."

கேட்டீங்களா நியாயத்தை? தொரை கெஞ்சுனாராம், மூட்டையை மாடிக்கு ஏத்துவோம், நானே சொமக்குறேன்னு. "வெட்டுறியா இல்லையா? வெட்டலைன்னா வெட்டுறவனைக் கப்பித்தான் ஆக்குறேன்"னு சொல்லிட்டு, நம்பாம தானும் குதிரையேறிப் பின்னாடியே வந்துட்டாராம் கவர்னரு.

சிப்பாயிங்க மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றதைப் பாத்தாங்க நம்ம சனங்க. பாத்ததும் புரிஞ்சு போச்சு. ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் கரை மேல ஏறி நின்னுட்டாங்க. மழை கொட்டுது. தொரை இந்தக் கோடிக்கு நடக்குறாரு, அந்தக் கோடிக்கு நடக்குறாரு. ஆத்தைப் பாக்குறாரு, ஊரைப் பாக்குறாரு. கவர்னரு குதிரை மேலேருந்து கத்துறாரு. சட்டுன்னு நின்னாராம் தொரை. ஒரு சிப்பாய் கையிலேருந்து மம்பட்டியைப் புடுங்குனாராம், ஓங்குனாராம்.

"அட பாவி, நீயுமா!" தைலம்மை வயித்துல அடிச்சுக்கிட்டாளாம்.

ஓங்கி ஒரே கொத்து. கொத்துன மம்பட்டியை அப்புடியே மண்ணுல விட்டுட்டுப் பின்னால தள்ளி நின்னுட்டாராம். தொப்பியைக் கழட்டி அது பக்கத்துல வச்சாராம். வாளை அவுத்து வச்சாராம். சட்டையில இருந்த பட்டையெல்லாம் புடுங்கி வச்சாராம்.

நம்ம சனங்களுக்கு ஒண்ணும் வெளங்கலை. ஆனா சிப்பாயிங்க இருக்காங்களே, அவுங்க மூஞ்சி வெளிறிப் போச்சாம். ஏன்னா பாதிப் பேரு தொரை ஊருப் பக்கத்துக்காரங்க, அதே கடக்கரையில பொறந்தவங்க. "என்னாங்க இது?"ன்னு ராயப்பன் கேட்டாராம். தொரை சொல்லச் சொல்ல ராயப்பன் எல்லாருக்கும் கேக்குறாப்புல கத்திச் சொன்னாராம்.

"எங்க ஊர்ல கடக்கரை வீட்டுக்கு வீடு பங்கு. ஒம் பங்கை நீதான் காக்கணும். காக்க முடியலையா, மண்வெட்டியைக் கரையில நட்டுட்டு ஊரை விட்டுப் போயிரணும். வீடு, நெலம், மாடு எல்லாம் விட்டுட்டு. அதை எவன் புடுங்குறானோ அவனுக்கு அத்தனையும் சொந்தம். ஆனா புடுங்குனவன் உசுரைக் குடுத்தாவது அந்தக் கரையைக் காக்கணும், அது சத்தியம். நட்டவன் பொழுது சாயறதுக்குள்ள எல்லையைத் தாண்டணும். நட்ட நிமிசத்துலேருந்து அந்தக் கரையைத் தொடக்கூடாது. அந்த ஊர்ல ஒரு வாய்த் தண்ணிகூட குடிக்கக்கூடாது, ஒருத்தரும் குடுக்கக்கூடாது."

தொரை அந்த மம்பட்டியைக் காட்டுனாராம். அப்பறம் சொன்னாராம், "எங்கப்பா நட்டாரு. நான் சின்னப் புள்ளை. தாகமா இருக்குன்னு அழுதேன். தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு. ஒருத்தரும் குடுக்கலை. இன்னைக்கு நானும் நட்டுட்டேன். என் பதவி, என் சம்பளம், என் வீடு எல்லாம் இந்தா இருக்கு. வேணுங்குறவன் புடுங்கிக்க. ஆனா புடுங்குனா கரையைக் காக்கணும்."

கவர்னரு கத்துனாராம். "புடுங்குங்கடா! புடுங்குறவன்தான் கப்பித்தான்!" சிப்பாயில ஒருத்தன் வந்தானாம், ஆசைப்பட்டு. காம்புல கையை வச்சானாம். வச்சவன் ஆத்தைப் பாத்தான், தொரையைப் பாத்தான், சுட்டுக்கிட்டவன் மாதிரி கையை எடுத்துக்கிட்டான். அவனும் கரைக்குப் பின்னாடி வளந்தவன்தானே? புடுங்கிட்டுக் கரையை வெட்ட அவனுக்கு எப்புடி மனசு வரும்?

அப்பத்தான் வந்தா தைலம்மை. சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டா. "நகருடா"ன்னு அவனைத் தள்ளுனா. ஒரே இழுப்பு, மம்பட்டி கையில வந்துருச்சு.

"ராயப்பா, ஒன் கவர்னருகிட்ட சொல்லு. தொப்பியும் வாளும் எனக்கு வேண்டாம், அவரே வச்சுக்கட்டும். கரை எனக்குப் போதும்!"

சொல்லிட்டு மண்ணை வெட்டிக் கரை மேல போட ஆரம்பிச்சுட்டா. தாழங்குடியே எறங்குச்சு. வைக்கோலு, பனை ஓலை, கதவுப் பலகை, கையில கெடச்சதெல்லாம் கரைக்கு. அப்பறம் என்னாச்சு தெரியுமா? சிப்பாயிங்களும் எறங்கிட்டாங்க! கவர்னரு சுடலையான்னு கேக்குறீங்களா? சுட எவன் இருக்கான்? துப்பாக்கி வச்சிருந்தவன் அத்தனை பேரும் சேத்துல நிக்குறான். மனுசன் திட்டிக்கிட்டே கோட்டைக்குப் போயி மூட்டையைத் தானே தூக்குனாராம்.

தொரை? அவருதான் தொடக்கூடாதே! மேக்கால எல்லைக்கல்லைத் தாண்டிப் போயி, பக்கத்து ஊரு புங்கஞ்சேரி மேட்டுல நின்னுக்கிட்டாராம். நிக்கவா செஞ்சாரு? இங்க ஓடுறாரு, அங்க ஓடுறாரு. கல்லு வரைக்கும் வர்றாரு, சட்டுன்னு நிக்குறாரு, திரும்புறாரு. "அங்க ஊறுது! புளியமரத்துக்கிட்ட! மண்ணு போடு!" தொண்டை கட்டிப் போச்சு, அப்பவும் கத்துறாரு. இவ்வளவு காலம் அவரு பயந்த வெள்ளம் வந்துருச்சு. அவரு கையால ஒரு பிடி மண்ணு போட முடியலை.

பொழுது சாயற நேரத்துக்கு மழை விட்டுச்சு. தண்ணி ஒரு சாண் எறங்குச்சு, இன்னொரு சாண் எறங்குச்சு. கரை நின்னுருச்சுங்க! கோட்டையில அடி மூட்டை கொஞ்சம் நனைஞ்சுச்சு, அவ்வளவுதான்.

சனங்க ஓடுனாங்க எல்லைக்கு, ராயப்பனும் கூடவே. "வாங்க தொரை, வாங்க ஊருக்கு! ஒங்களுக்கு வீடு கட்டித் தர்றோம், நெலம் தர்றோம்!" அவரு தலையை ஆட்டிட்டாராம். "நட்டவன் திரும்பக்கூடாது. எங்கப்பா திரும்பலை." பெரியவங்க சொன்னாங்க, அது ஒங்க ஊரு வழக்கம், இங்க ஏதுன்னு. கேக்கலை. "அதை நம்பித்தானே அவனுங்க கையை எடுத்தானுங்க? நானே மீறுனா அது வெறும் வேசம்." தண்ணியாச்சும் குடிங்கன்னாங்க. "தாழங்குடி தண்ணி எனக்கு ஆகாது." ஒதடு காஞ்சு வெடிச்சிருக்கு, வேண்டாங்குறாரு. அழுதாங்களாம் சனங்க.

தைலம்மை அழலை. வந்தது பாருங்க அவளுக்கு ஒரு கோவம்! வீட்டுக்கு ஓடுனா. சோத்துப் பானை, கொழம்புச் சட்டி, தண்ணிக் கொடம், எலை, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு, சேத்துல வழுக்கி விழுந்து எந்திரிச்சு, எல்லைக்கல்லைத் தாண்டி அவரு முன்னாடி போயி நின்னா.

"தொரை, இது எந்த ஊரு மண்ணு?"

"புங்கஞ்சேரி."

"தாழங்குடியில திங்கக்கூடாது, அவ்வளவுதானே? புங்கஞ்சேரியில திங்கலாம்ல?"

தொரை எல்லைக்கல்லைத் திரும்பிப் பாத்தாராம்.

"ஒருத்தரும் குடுக்கக்கூடாதாம்ல! சட்டம் ஒங்க ஊருது, இருக்கட்டும். சோறு எங்க ஊருது. ஒரு புள்ளை தாகம்னு அழுதுச்சாம், தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சாம்! எந்த ஊருய்யா அது? உக்காருங்க!"

எலையைப் போட்டுச் சோத்தைக் கொட்டுனா. தண்ணியை ஊத்துனா. தொரை தண்ணியைக் கையில ஏந்துனவரு, அப்புடியே விம்மி விம்மி அழுதாராம், சின்னப் புள்ளை மாதிரி. அழுது முடிச்சு சாப்புட்டாராம். கேட்டு வாங்கி ரெண்டாந்தரமும் சாப்புட்டாராம். அப்பறம் எந்திரிச்சு, கையெடுத்துக் கும்புட்டு, மேக்க நடந்து போயிட்டாரு. எங்க போனாரு, யாருக்கும் தெரியாது.

அன்னைலேருந்துதான் ஐப்பசிக்கு முந்தி நம்ம ஊரு கரையில மம்பட்டி நடுறது. யாரையும் யாரும் கூப்புடுறதில்லை, மனசுள்ளவன் புடுங்குவான், அந்த வருசம் கரை அவன் பொறுப்பு. அன்னைலேருந்துதான் அந்த மேட்டுக்குத் தொரை சோறுண்ட திடல்னு பேரு. இன்னும் ஒண்ணு இருக்கு. தாழங்குடியை விட்டு எவன் போனாலும், தோத்துப் போனாலும் சரி, தொரத்திவிட்டாலும் சரி, அந்தத் திடல்ல சோறு போட்டுத்தான் அனுப்பணும். புங்கஞ்சேரிக்காரன் சிரிப்பான், சிரிச்சுட்டுப் போகட்டும். போன வருசம் ஊரே கூடி அந்தச் சண்டைக்காரன் கலியனை வெளியில போடான்னு அனுப்புனோம்ல? எல்லைக்கல்லுக்கிட்ட அவனுக்கு எலை போட்டது யாரு? கலியன் ஒருத்தன் மண்டையை ஒடச்சானே, அந்த மண்டைக்காரன் பொண்டாட்டிதான். திட்டிக்கிட்டே பரிமாறுனா, கொழம்பு போதுமான்னு வேற கேட்டா.