கட்டபெட்டு வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ்

சசிதரன்: ...இப்பப் பாருங்க வனிதா, ஹீட்டரக் கொஞ்சம் கூட்டோணும். ஸ்கிரீனத் தொட்டேன், மேப்பு வந்துச்சு. மறுபடி தொட்டேன், பாட்டுப் பாடுது.

வனிதா: சார், நீங்க ரோட்டப் பாருங்க. நான் கூட்டறேன்.

சசிதரன்: அதத்தாங்க சொல்றேன். திருகற மாதிரி ஒரு குமிழ் வெச்சிருந்தா கண்ண எடுக்காமத் திருகலாமில்ல?

வனிதா: எங்க ஷோரூமுக்கு வர்றவங்க ஸ்கிரீன் எத்தன பெருசுன்னுதான் மொதல்ல கேக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் சண்டைக்கு நிக்கறீங்க. போன தடவ சாவிக்குப் பதிலா பட்டன் எதுக்குன்னு, இந்தத் தடவ ஸ்கிரீன்...

சசிதரன்: அட! ஸ்டியரிங் தானா இழுக்குது!

வனிதா: ரோட்டுல போட்ட கோட்டத் தாண்டாம வண்டியே பாத்துக்குமுங்க.

சசிதரன்: இந்த ரோட்டுல கோடு எங்கீங்க இருக்குது? மழையிலயே கரஞ்சு போச்சு. இல்லாத கோட்டத் தேடுது, பாவம்.

வனிதா: சிரிப்பு மூட்டாதீங்க சார், வளைவு வருது.

சசிதரன்: இதே ஒரு மசில் காரா இருந்தா...

வனிதா: ஆரம்பிச்சாச்சு!

சசிதரன்: கேளுங்க. எட்டு சிலிண்டர் எஞ்சின். பின் சக்கரம் தள்ளும். நேர் ரோட்டுக்குன்னே பொறந்த வண்டி.

வனிதா: குன்னூர்ல நேர் ரோட்டுக்கு எங்க போறது?

சசிதரன்: இல்லதான். கொண்டை ஊசி வளைவுல திணறும். பெட்ரோலத் தண்ணியாக் குடிக்கும். இருந்தாலும் அந்தச் சத்தம் காதுல கேக்காதுங்க, நெஞ்சுல கேக்கும்.

வனிதா: அப்புறம்? நேர்ல கேட்டிருக்கீங்களா?

சசிதரன்: ஒரே தடவ. ஊட்டியில பழைய காரெல்லாம் கொண்டாந்து நிறுத்தியிருந்தாங்க. வாசுகியக் கூட்டிட்டுப் போனேன். காதப் பொத்திக்கிட்டா.

வனிதா: உங்க ஊட்டுக்காரம்மாங்களா? அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க. அவங்களும் உக்காந்து பாக்கட்டும்.

சசிதரன்: ...இப்பக் கரண்ட்ல ஓடற மசில் காரே வருது, தெரியுமுங்களா? சத்தமே இருக்காது. அதனால ஸ்பீக்கர் வெச்சு உறும வெக்கறாங்க. எனக்குப் புடிக்கலீங்க. ஆளில்லாத ஊட்ல டிவியப் போட்டு வெக்கற மாதிரி...

வனிதா: சார்?

சசிதரன்: ஒண்ணுமில்லீங்க. மிஸ்ட் எறங்குது... இதென்ன, காப்பி டம்ளர் படம் காட்டுது?

வனிதா: ஓட்டறவங்க களச்சுட்டாங்கன்னு தோணுனா, கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லுமுங்க.

சசிதரன்: எங்கிட்ட அப்பிடி ஒருத்தர் சொல்லி ரெண்டு வருசமாச்சு.

வனிதா: ஹீட்டர இன்னுங் கொஞ்சம் கூட்டட்டுங்களா சார்?

சசிதரன்: ஹீட்டரப் பத்திச் சொன்னனே, அத வாபஸ் வாங்கிக்கறேன். வண்டி நல்ல வண்டிதான்.

வனிதா: கட்டபெட்டு வந்துருச்சு. அந்த டீக்கடை ஓரமா நிறுத்துங்க.

சசிதரன்: நிறுத்திட்டேன்... வனிதா, ஒண்ணு சொல்லோணும். திட்டோணும்னா திட்டிருங்க.

வனிதா: சொல்லுங்க.

சசிதரன்: இந்த வண்டிய நான் வாங்கப் போறதில்ல. போன ரெண்டு தடவயும் வாங்கற எண்ணத்துல வரல.

வனிதா: ம்.

சசிதரன்: வாசுகி இருந்தப்ப, அவ காய் நறுக்குவா, நான் காரப் பத்தியே பேசுவேன். ஒண்ணும் புரியாது அவளுக்கு. ஆனா கேட்டுக்கிட்டே இருப்பா. நான் வேல செய்யறது டீ ஃபேக்டரியில. மெஷின் சத்தத்துல அங்க யாருங்க எங்கிட்டப் பேசறது? ஊட்டுக்குப் போனா... சரி, விடுங்க. உங்க வேலயக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க.

வனிதா: லோன் பேச்செடுத்தாலே நீங்க மசில் காருக்குத் தாவுவீங்க சார். மொத நாளே எனக்குத் தெரியும்.

சசிதரன்: தெரிஞ்சுமா கூட வந்தீங்க? மேனேஜர் ஏதாச்சும் சொன்னாருன்னா? டூட்டி நேரத்துல...

வனிதா: டூட்டி இல்லீங்க. இன்னிக்கு எனக்கு லீவு. லீவுன்னா ரூம்ல தனியா செவுத்தப் பாத்து உக்காந்திருக்கோணும்... உங்க போன் வந்துச்சு. பஸ் ஏறி வந்து, கண்டிப்பா வாங்கற கஸ்டமருன்னு மேனேஜர்ட்டப் பொய் சொல்லித்தான் சாவி வாங்கினேன்.