கோணல் ஜாடியில் புளித்த பீர்

"ஹலோ... ஆமா, கோணல் ஜாடிதான்... இன்னும் திறக்கலைங்க, பன்னெண்டு மணிக்குத்தான்... யாரு? மால்கமா? ஏன் ராசா உனக்கு இப்படி மூச்சு வாங்குது?... மேட்டுல நடந்துகிட்டே பேசறியா. சரி சரி, சொல்லு."

நோரீன் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுவிய கண்ணாடிக் குவளைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கோணல் ஜாடி, ஹாதர்பி என்ற ஊரில் அவளும் அவள் புருஷன் டெரிக்கும் இருபத்தாறு வருஷமாக நடத்திவரும் பப். கணப்பில் அப்போதுதான் தீ பிடித்திருந்தது. வெளியே பிப்ரவரி மழை. டெரிக் கீழே நிலவறையில் பீப்பாய்களோடு இருந்தார். பீப்பாயில் குழாயை அடித்து இறக்கும் மரச் சுத்தியலின் சத்தம் தரைக்கு அடியிலிருந்து டொக் டொக்கென்று வந்துகொண்டிருந்தது.

"ம்... ம்... பட்டியலா? ஆமா, இந்த மாசம்தானே போடுவீங்க... இந்த வருஷம் என்ன?... ஓ."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

மால்கம், ஊரில் பீப்பாய் பீர் குடிப்பவர்கள் வைத்திருக்கும் சங்கத்தின் செயலாளர். நல்ல பப்கள் எவையென்று அந்தச் சங்கம் வருஷத்துக்கொரு பட்டியல் அச்சடிக்கும். பதினெட்டு வருஷமாகக் கோணல் ஜாடி இல்லாமல் அந்தப் பட்டியல் வந்ததே இல்லை.

"எடுத்துட்டீங்களா... ஓட்டுப் போட்டா? எத்தனை பேரு?... பதினோரு பேருல ஒன்பது. சரி... இல்லை, நான் கோவிச்சுக்கலை. கோவிச்சுக்கத் தெம்பு வேணுமே... நீ எந்தப் பக்கம் போட்டே?... வேண்டாம், சொல்லாதே. தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்."

நாற்காலி ஒன்றைக் காலால் இழுத்தாள். உட்காரவில்லை, சாய்ந்துகொண்டாள்.

"யாரு வந்து பார்த்தது?... ஆமா ஆமா, பச்சை மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தரும் அவரு சம்சாரமும். அரைக் குவளையை அப்படியே வச்சுட்டுப் போனாங்க. நான்தான் எடுத்துக் கொட்டினேன்... என்னன்னு எழுதியிருக்காங்க?... காடி மாதிரி. ம்... இன்னொண்ணு? ஈர அட்டைப்பெட்டி நாத்தம். சரி... படி, படி, முழுசாப் படிச்சுடு."

மால்கம் நல்ல மனுஷன். அவளுக்கு ஒரு வழியும் எடுத்துக் கொடுத்தான்.

"குளிரூட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லச் சொல்றியா?... நீயே பொய்யைத் தயார் பண்ணிக் கொண்டுவந்திருக்கே பாரு! வேண்டாம் கண்ணு. நிலவறை பன்னெண்டு டிகிரியிலதான் இருக்கு, நேத்துக்கூடப் பார்த்தேன். குழாயெல்லாம் வாராவாரம் கழுவறோம். பீர் காய்ச்சி அனுப்பறவங்க மேலயும் பழியைப் போடாதே. அவங்க நல்லதைத்தான் அனுப்பறாங்க... இங்க வந்துதான் கெடுது."

சுத்தியல் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியும், மால்கம், தெரியும்... கணப்பு இருக்கு, டிவி இல்லை, காதைக் கிழிக்கற பாட்டு இல்லை. தனியா வர்ற பொம்பளையை யாரும் முறைச்சுப் பார்க்கறதில்லை. நாய்க்குத் தண்ணிக் கிண்ணம்கூட இருக்கு... ஆமா, ஊர் வக்கீலும் கால்வாய்ல சேறு அள்ளறவரும் ஒரே பெஞ்சுல உக்காந்து சண்டை போடறாங்க. நீதானே போன வருஷம் இதையெல்லாம் எழுதினே... ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. எல்லாம் இருந்து பீர் கெட்டிருந்தா அதுக்குப் பேரு பப் இல்லை ராசா. பஸ் ஸ்டாப்பு. மழைக்கு ஒதுங்கலாம், அவ்வளவுதான்."

அவன் ஏதோ கேட்டான். நோரீன் நிலவறைக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மனுஷனுக்கு மூக்கு போயிடுச்சு... மூக்குன்னா மூக்குத்தான். வாசனை. நவம்பர்ல ஒரு வாரம் காய்ச்சலாக் கிடந்தாரே, அதோட போனது திரும்பலை... ம்ஹும், யாருகிட்டயும் சொல்லலை. என்கிட்டயே சொல்லலை. நானாத்தான் கண்டுபிடிச்சேன்... எப்படியா? கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பால் கெட்டுப்போய் சமையக்கட்டே நாறுது. அதை டீயில ஊத்திக் குடிச்சுட்டு, 'நல்லாயிருக்கு நோரீன்'னாரு."

ரிசீவரை மறு தோளுக்கு மாற்றினாள்.

"இருக்கியா?... ஆமா, தினம் காலைல இறங்கறாரு. ஒவ்வொரு பீப்பாயிலயும் ஒரு மடக்குப் பிடிச்சு, விளக்குக்கு நேராத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, 'அருமை'ங்கறாரு. கண்ணுக்குத் தெளிவாத்தான் இருக்கு. மூக்குக்கு எப்படியிருக்குன்னு அவருக்கு எங்க தெரியப் போகுது?... எனக்கா? எனக்குத் தெரியாமலா? பீர் இறைக்கற கைப்பம்பை இழுக்கும்போதே நெடி ஏறுதே. இழுத்தேன், கொடுத்தேன். மூணு மாசமா இழுத்து இழுத்துக் கொடுக்கறேன் மால்கம்."

ஒரு குவளையை எடுத்தாள். ஏற்கெனவே துடைத்த குவளை. அதையே மறுபடி துடைத்தாள்.

"அவங்களும் குடிக்கறாங்களே, அதைச் சொல்லு! நம்ம வில்ஃப், ரிடயர் ஆன தபால்காரர், பாதியைக் குடிச்சுட்டு டெரிக்கைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறாரு. மீதியைக் கொண்டுபோய் வாசல்ல பூந்தொட்டியில ஊத்திடறாரு. செடி செத்துப்போச்சு... சிரிக்காதே... சரி, சிரி. நானும் சிரிச்சேன். அப்புறம் குளியலறையில போய் அழுதேன்."

குவளையை அலமாரியில் வைத்தாள்.

"இல்லை, யாரும் பேசி வச்சுக்கலை. ஆளாளுக்கு அவங்களே... நல்லவங்கதான். யாரு இல்லைன்னா? நல்லவங்களா இருந்தே கடையைச் சாகடிக்கறாங்க. வேத்து ஆளு ஒருத்தன் வந்தா, ஒரு வாய் வச்சுட்டுப் போனவன் திரும்பறதில்லை. முந்தி ஒரு பீப்பாய் மூணு நாள்ல காலியாகும். இப்ப ஒன்பது நாள் கிடக்கு. கூட்டம் குறைஞ்சா பீர் கெடுது, பீர் கெட்டா கூட்டம் குறையுது... ஆமா... ஆமா... சொல்லணும்தான். நீ லேசாச் சொல்லிட்டே. நிலவறைக்காரர்னா டெரிக், டெரிக்னா நிலவறை. அதை நான் எந்த வாயால..."

சுத்தியல் சத்தம் எப்போது நின்றதென்று அவள் கவனிக்கவில்லை.

"களைச்சுப்போயிட்டேன் மால்கம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம்னு நினைக்கறேன். மறுநாள் அந்த மூஞ்சியைப் பார்த்தா... இரு. ஒரு நிமிஷம் இரு."

நிலவறைப் படியின் தலைப்பில் டெரிக் நின்றிருந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் ஒரு மடக்கு பீர் இருந்த குவளை. கனத்த ஆள், படியேறிய இளைப்பு நெஞ்சில் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"டெரிக்... எப்ப வந்தே நீ?"

அவர் குவளையை அவள் முன்னால் வைத்து, மோவாயால் அதைக் காட்டினார்.

நோரீன் ரிசீவரை மேடைமேல் வைத்தாள். குவளையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அருமை என்ற சொல் வழக்கம்போல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அதை விழுங்கினாள்.

"புளிச்சுடுச்சு டெரிக்."

அவர் குவளையை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"முந்தாநாளும் புளிப்புத்தான். போன வாரமும்... எல்லாருக்கும் தெரியும்... வில்ஃபுக்கும் தெரியும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

டெரிக் சுத்தியலை மெதுவாக மேடைமேல் வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார். நோரீன் இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை ஆறு மணியிலிருந்து முதல் தடவையாக. அவர் பேசுவது மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.

"மால்கம், டெரிக் பேசறேன்... ம்... எடுத்துட்டீங்க, கேட்டுச்சு. சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. நானா இருந்தா முதல் மாசமே எடுத்திருப்பேன்... ஏய், ஆறுதல் சொல்றதை நிறுத்து. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுப்பா. மூக்கு போனதுலேர்ந்து குடிக்கறவங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் பீப்பாயைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நல்லாத்தான் இருக்குபோலன்னு நினைச்சுட்டேன்."

நோரீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு உனக்கு என்ன வேலை?... ஒண்ணுமில்லைல்ல, அப்ப இங்க வா. காபி குடிக்காதே, அந்த நாத்தம் பிடிச்ச சுருட்டையும் பத்த வைக்காதே. மூக்கைச் சுத்தமா வச்சுக்கிட்டு வா. நான் பீப்பாயிலேர்ந்து பிடிச்சுத் தர்றேன், நீ மோந்து பாரு. நல்லாயில்லைன்னா மூஞ்சிக்கு நேரா நல்லாயில்லைன்னு சொல்லு... எத்தனை நாளைக்கா? நான் சாகற வரைக்கும், இல்லை நீ சாகற வரைக்கும். யாரு முந்தறோமோ... ம்... ம்... நோரீன்கிட்டச் சொல்றேன்."

பேசிக்கொண்டே, தொலைபேசிக் கம்பி எட்டும் தூரத்துக்கு நகர்ந்து, நான்கு கைப்பம்புகளிலும் முன்பக்கம் மாட்டியிருந்த பீர்ப் பெயர்ப் பலகைகளை, பீர் தீர்ந்துபோனால் செய்வதுபோல், ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கடைசியைத் திருப்பும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் திருப்பினார்.

வாசலில் வில்ஃப் குடையை உதறும் சத்தம் கேட்டது.

"இல்லைப்பா, இன்னிக்கு வராதே," என்றார் டெரிக் மால்கமிடம். "இன்னிக்கு இங்க பீர் கிடையாது."

ரிசீவரை வைத்தார்.