அடைத்த சிங்க்கும் ஆசிட் பாட்டிலும்

ஸ்கூடாய் பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் நின்றார்கள். இளையவள் சொன்னாள்:

"உங்க கைய சாமி மேடையில வெச்சுக் கும்பிடணும்கா."

"அலமாக்! அப்புறம் வேலைக்கு எதைக் கொண்டு போறது?"

"முறுக்கு சுட்ட எண்ணெய சிங்க்ல ஊத்தினது என் தப்பு. அடைச்சதும் அவசரத்துல யோசிக்காம ஆசிட் வாங்கிட்டேன். நீங்க வரலன்னா ஊத்தியிருப்பேன்."

"புருஷனுக்கு ஆஸ்துமா, வீட்ல ஆசிட்டா? நல்ல பொண்டாட்டி லா நீ! அடியில வாளி வெச்சு பைப்பைக் கழட்டினேன். அழுக்கை வழிச்சுட்டு, சுடுதண்ணியும் சவுக்காரமும் ஊத்தினேன். அவ்வளவுதான்."

"போன தடவை அந்த ஆசிட் நெடியில அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்கா. நேத்து மத்தியானம் நீங்க சரி பண்ணிட்டுப் போனப்புறம் நல்லா குறட்டை விட்டுத் தூங்கினாரு."

"உனக்குத்தான் தொல்லை."

"இல்லக்கா. பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."